பையை யார் பார்த்துக்கொள்வது?

சதுரங்கப் போட்டி நடக்கும் மண்டபத்தின் வாசலில் ஒருமுறையாவது நின்றவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதாக இருக்கும். சுவரோரமாகப் பள்ளிப் பைகளும் தோள்பைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். அவற்றுக்குள் அணைத்து வைத்த கைபேசிகள், பணப்பைகள், வண்டிச் சாவிகள், சாப்பாட்டு டப்பாக்கள் ஆகியவற்றோடு சில மடிக்கணினிகளும் இருக்கும். உள்ளே இருநூறு பேர் தலைகுனிந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். வெளியே நிற்கும் பெற்றோர், சுற்று தொடங்கிய முதல் அரை மணி நேரம் அந்தக் குவியலின் மீது ஒரு கண் வைத்திருப்பார்கள். அதன் பிறகு ஒவ்வொருவராகத் தேநீர்க் கடைக்கு நகர்வார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்.

நான் தஞ்சாவூரில் நண்பர்கள் மூவருடன் சேர்ந்து ஒரு வாடகை மாடியறையில் சதுரங்க வகுப்பு நடத்துகிறேன். என் மகளும் ஆடுகிறாள் என்பதால், பயிற்சியாளராகவும் தந்தையாகவும் பத்து ஆண்டுகளாக ஊர் ஊராகப் போட்டிகளுக்குச் சென்று வருகிறேன். இந்தக் காலத்தில் சிறிதும் பெரிதுமாகப் பலமுறை பொருள்களைப் பறிகொடுத்திருக்கிறேன். ஒருமுறை குற்றமற்ற ஒருவர் மீது திருட்டுப் பழியும் சுமத்தியிருக்கிறேன். பொருள் போன வருத்தம் ஆறிவிட்டது, அந்தப் பழி சுமத்திய வெட்கம் இன்னும் ஆறவில்லை. போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் இந்தக் குவியல் ஏன் உருவாகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கைபேசியில் இன்று கிடைக்கும் சதுரங்க மென்பொருள் உலக வாகையரையே எளிதில் தோற்கடிக்கும் வல்லமை கொண்டது. ஆகவே உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி, நடுவர் தனியாக அனுமதிக்காத எந்த மின்னணுக் கருவியையும் ஆட்டம் நடக்கும்போது ஆட்டக்காரர் போட்டி இடத்தில் வைத்திருக்கக் கூடாது. வைத்திருப்பது தெரிந்தால் ஆட்டத்தை இழப்பார். முற்றிலும் அணைத்த நிலையில் பைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று போட்டியின் தனி விதிகள் இடம் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பை நடுவருடன் பேசி ஒப்புக்கொண்ட இடத்தில்தான் இருக்க வேண்டும், நடுவரின் அனுமதியின்றி அதைத் தொடவும் கூடாது. இதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஏமாற்று வேலையைத் தடுக்க வேறு வழியும் இல்லை. ஆனால் இந்த விதியின் மறுபக்கத்தை நாம் கவனிப்பதில்லை. ஆட்டக்காரரின் மதிப்புமிக்க பொருள்கள் அனைத்தையும் அவரிடமிருந்து பிரித்து, அவரே தொட முடியாத இடத்தில் வைத்துவிடுகிறோம். ஆளுக்குத் தொண்ணூறு நிமிடமும் நகர்வுக்கு முப்பது வினாடிக் கூடுதலும் கொண்ட ஆட்டம் அறுபது நகர்வு வரை நீண்டால், இருவருக்கும் சேர்த்து நான்கு மணி நேரம் ஆகிவிடும். அந்த நான்கு மணி நேரமும் அவர் பைப்பக்கம் வரப்போவதில்லை என்பது உறுதி. எந்தச் சுற்று எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதையும் அழைப்பிதழிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறோம். திருட நினைப்பவருக்கு இதைவிட வசதியான கால அட்டவணை கிடைக்காது.

2016-இல் ஒரு பள்ளி வளாகத்தில் நடந்த போட்டியில், என் மனைவியின் கைப்பையை மகளின் பள்ளிப் பைக்குள் திணித்துக் குவியலில் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது பள்ளிப் பை வைத்த இடத்தில், வைத்தபடியே இருந்தது. கைப்பை மட்டும் இல்லை. அதில் 2,300 ரூபாயும் ஒரு கைபேசியும் வீட்டுச் சாவியும் இருந்தன. அங்கே நின்றிருந்தவர்களிடம் விசாரித்தபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குவியலில் நிதானமாகக் குனிந்து தேடியதைப் பார்த்ததாக மூன்று பேர் சொன்னார்கள். பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டில் எடுக்கிறார் என்று நினைத்தார்களாம். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. போட்டி நடக்கும் இடத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் அந்நியர்கள், அதே நேரத்தில் எல்லோருமே யாரோ ஒரு பிள்ளையின் பெற்றோர்போலத் தெரிவார்கள். "நீங்கள் யாருடைய அப்பா?" என்று கேட்கும் துணிச்சல் எனக்கும் அன்று இருந்திருக்காது.

அழைப்பிதழின் கடைசி வரியில் "பொருள்களின் பாதுகாப்புக்கு அமைப்பாளர்கள் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருந்ததை அன்று மாலைதான் படித்தேன். கைபேசியை உள்ளே கொண்டுவராதே என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு இருக்கிறதென்றால், அதை வைக்க ஓர் இடம் காட்டும் கடமையும் அவருக்கு இருக்கிறது என்பதே என் கருத்து. பூட்டக்கூடிய ஓர் அறை, இரண்டு நாற்காலிகள், எண் எழுதிய அட்டைகள் ஆகியவற்றுக்குப் பெரிய செலவு ஆகிவிடாது. பிற்காலத்தில் எங்கள் வகுப்பின் சார்பில் சிறிய போட்டிகள் நடத்தியபோது இதைத்தான் செய்தோம். பையில் ஓர் எண் அட்டையைக் கட்டி, அதே எண் கொண்ட இன்னோர் அட்டையைக் கையில் கொடுப்போம். அட்டை இல்லாமல் வருபவருக்குப் பை கிடைக்காது. கோயில் வாசலில் செருப்பு விடும் முறைதான், புதிதாக நாங்கள் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆரம்பத்தில் பெற்றோர் முணுமுணுத்தார்கள். வரிசை நீள்கிறது, சுற்று தொடங்கத் தாமதமாகிறது என்பவை அவர்களின் குறைகள், அவை நியாயமானவையும்கூட. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பெற்றோரைப் பெயர் குறித்து அந்த அறையில் அமர்த்திய பிறகு வரிசை குறைந்தது.

பெரிய இழப்பு 2023 டிசம்பரில் நேர்ந்தது. சென்னையில் நடந்த ஒரு தரப்புள்ளிப் (ரேட்டிங்) போட்டிக்காக நானும் மகளும் இரவு ரயிலில், படுக்கை வகுப்பில் கிளம்பினோம். அவள் நடுப் படுக்கையிலும் நான் கீழ்ப் படுக்கையிலும் இருந்தோம். கீழ்ப் படுக்கைக்கு அடியில் துணிகள் இருந்த பெட்டியும், சதுரங்கப் பொருள்கள் இருந்த கறுப்புத் தோள்பையும் இருந்தன. அந்தப் பையில் ஆட்ட நேரத்தைக் கணக்கிடும் நான்கு டிஜிட்டல் கடிகாரங்கள், சுருட்டிய இரண்டு விரிப்புப் பலகைகள், ஒரு காய்ப்பெட்டி, என் மடிக்கணினி, மகள் புதிர்ப் பயிற்சிக்கு வைத்திருந்த பழைய கைபேசி, அவளுடைய ஆட்டக் குறிப்பேடுகள் இரண்டு ஆகியவை இருந்தன. பெட்டியைச் சங்கிலியால் பிணைப்பதற்காகவே கீழ்ப் படுக்கைகளுக்கு அடியில் இரும்பு வளையங்கள் உண்டு. எங்களிடம் சங்கிலியும் உண்டு, வீட்டு அலமாரியில். விழுப்புரம் தாண்டும்வரை நான் விழித்திருந்ததாக ஞாபகம். செங்கல்பட்டு நெருங்கும்போது எழுந்து காலால் துழாவினேன். பெட்டி தட்டுப்பட்டது, பை தட்டுப்படவில்லை.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது எது என்று எனக்குத் தெரியவில்லை. ரயில் பெட்டி முழுவதும் நடந்து எல்லோருடைய படுக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்ததில் கால் மணி நேரம் வீணானது. பயணச்சீட்டுப் பரிசோதகர்தான் வழி சொன்னார். ஓடும் ரயிலிலேயே புகார் கொடுக்கலாம், அதற்கான படிவம் அவரிடமோ ரயில் மேலாளரிடமோ உடன் வரும் காவலரிடமோ கிடைக்கும், அதை எழுதிக் கொடுத்தால் உரிய காவல் நிலையத்துக்குப் போய்ச் சேரும், அதற்காக நடுவழியில் இறங்கிப் பயணத்தை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை என்றார். 139 என்ற எண்ணுக்கும் அழைத்துச் சொல்லச் சொன்னார். ரயில்வே பாதுகாப்புப் படை வேறு, மாநிலக் காவல் துறையைச் சேர்ந்த இருப்புப்பாதைக் காவல் வேறு. பயணியின் பொருள் திருடுபோனால் வழக்குப் பதிவது இரண்டாமவர்தான் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. ரயில்வே நிர்வாகத்திடம் இழப்பீடு கேட்கலாம் என்று சக பயணி ஒருவர் யோசனை சொன்னார். ஆனால் 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி, பதிவு செய்து ரசீது பெறாமல் நாமே கையோடு கொண்டு செல்லும் சுமைக்கு, ரயில்வே ஊழியரின் அலட்சியத்தால்தான் இழப்பு நேர்ந்தது என்று நிரூபித்தாலொழிய, நிர்வாகம் பொறுப்பாகாது. சங்கிலியை அலமாரியில் வைத்துவிட்டு வந்தவன் யாருடைய அலட்சியத்தை நிரூபிப்பது?

சென்னையில் இறங்கியதும் இருப்புப்பாதைக் காவல் நிலையத்துக்குப் போனோம். புகாரை எழுதிக்கொண்ட காவலர் பொறுமையானவர். "மடிக்கணினியோட சீரியல் நம்பர் இருக்கா சார்?" என்று கேட்டார். இல்லை. "பில் இருக்கா?" வீட்டில் எங்கோ இருக்கும். "கடிகாரத்துல ஏதாவது அடையாளம் உண்டா?" யோசித்துப் பார்த்தேன். "கறுப்பு நிறம், நாலு" என்றேன். அவர் பேனாவை நிறுத்தி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, அதையே எழுதிக்கொண்டார். நாளை ஏதாவது கடையில் நான்கு கறுப்புக் கடிகாரங்களை அவர் கண்டெடுத்தாலும், அவை என்னுடையவை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை என்பதை அந்தப் பார்வை சொல்லிவிட்டது.

கைபேசிக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. அதன் பெட்டியை வீட்டில் பத்திரப்படுத்தியிருந்ததால் மனைவி அதிலிருந்த ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, படித்துச் சொன்னார். நடுவண் அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் காவல் புகாரின் நகலையும் அந்த எண்ணையும் பதிவிட்டால், நாட்டின் எந்த வலைப்பின்னலிலும் அந்தக் கருவி இயங்காதபடி முடக்கிவிடலாம். அந்தப் பதிவை முடிக்க ஒருமுறைக் கடவு எண் வரும் என்பதால், தொலைந்த எண்ணுக்கு மாற்று சிம் அட்டையை முதலில் வாங்கிவிட வேண்டும் என்ற வரிசைமுறை எனக்குத் தெரியவில்லை; ஒரு நாள் வீணானது. கைபேசியில் பணப் பரிமாற்றச் செயலி இருப்பவர்கள் இதையெல்லாம்விட முதலில் வங்கியையும் சிம் நிறுவனத்தையும் அழைத்து முடக்கச் சொல்ல வேண்டும்; பணம் போனது தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கும் அழைக்க வேண்டும். உங்கள் கைபேசியில் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, பூச்சியம், ஆறு, சதுரக் குறி என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைபேசியிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்வதில் பயனில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் என் நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்திருந்தார்.

சதுரங்கக்காரர்களுக்கு மடிக்கணினி போவதன் பொருள் மற்றவர்களுக்கு எளிதில் விளங்காது. புதிதாக ஒன்று வாங்க நாற்பதாயிரம் ஆகும். அது கடனோ சேமிப்போ, எப்படியாவது ஈடுசெய்யக்கூடியது. அதற்குள் இருந்தது இரண்டு ஆண்டுக் கால உழைப்பு. கறுப்புக் காய்களுடன் ஆடும்போது என் மகள் கேரோ-கான் தற்காப்பு என்ற தொடக்க ஆட்ட முறையை நம்பியிருந்தாள். வெள்ளை எந்தெந்த வழியில் வந்தால் எப்படிப் பதில் சொல்வது என்று கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளைக்கும் குறிப்பு எழுதி, தோற்ற ஆட்டங்களிலிருந்து திருத்திச் சேர்த்த கோப்புகள் அதில் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. அன்று காலை முதல் சுற்றுக்கு அவள் இரவல் கடிகாரத்துடன் உட்கார்ந்தாள். எதிரே ஆடிய சிறுவனின் தந்தைதான் அந்தக் கடிகாரத்தைக் கொடுத்தார். அவள் தோற்றாள், அதை ரயிலின் தலையில் கட்ட நான் விரும்பவில்லை, எதிராளி நன்றாகவே ஆடினான்.

குறிப்பேடுகளை ஓரளவு மீட்க முடிந்தது என்பது எங்களுக்கே வியப்பாக இருந்தது. நகர்வுகளை எழுதும் ஆட்டக் குறிப்புத் தாள் போட்டி அமைப்பாளரின் உடைமை என்பது ஃபிடே விதி. ஆகவே தரப்புள்ளிப் போட்டிகளில் மேல் தாளை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், கார்பன் நகல்தான் நமக்குக் கிடைக்கும். நாங்கள் தொலைத்தது நகல்களையும் அவற்றைப் பார்த்து எழுதிய குறிப்பேட்டையும்தான். மூலம் எங்கெங்கோ அலமாரிகளில் இருக்கக்கூடும் என்று தோன்றியதும், கடந்த இரண்டு ஆண்டுகளில் அவள் ஆடிய போட்டிகளின் அமைப்பாளர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினோம். சிலர் ஏற்கெனவே பி.ஜி.என். என்ற சதுரங்கக் கணினிக் கோப்புகளாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். ஒருவர் பழைய கட்டுகளைத் தூசி தட்டித் தேடிப் படம் எடுத்து அனுப்பினார். பலர் பதில் எழுதவில்லை. எழுபத்திரண்டு ஆட்டங்களில் முப்பத்தொன்பது கிடைத்தன. இப்போது ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குறிப்புத் தாளைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பிய பிறகுதான் சாப்பாடு. கோப்புகள் இணையச் சேமிப்பில் ஒரு நகலும் வீட்டில் ஒரு பென் டிரைவில் ஒரு நகலுமாக இருக்கின்றன. ஊருக்குப் போகும்போது மடிக்கணினியை எடுத்துச் செல்வதையும் பெரும்பாலும் நிறுத்திவிட்டோம்.

வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் செல்பவர்களுக்கு இந்த இழப்பின் அளவு பல மடங்கு. 2022 டிசம்பரில் ஸ்பெயினின் சிட்ஜெஸ் நகரில் நடந்த ஓப்பன் போட்டியின்போது, ஆடச் சென்றிருந்த இந்தியர் ஆறு பேரின் தங்குமிடங்களில் திருட்டு நடந்து, மடிக்கணினி, கடவுச்சீட்டு, பணம் எனப் பலவும் போனதைச் செய்திகளில் படித்தோம். எங்கள் வகுப்பில் படித்த ஒரு பையன் அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குப் போவதாக இருந்ததால், அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு அவனுடைய பெற்றோருடன் ஒரு மாலை முழுவதும் பேசினோம். கடவுச்சீட்டைத் தொலைத்தவருக்கு இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் ஒன்றைத் தரும். ஆனால் அது தாய்நாட்டுக்குத் திரும்பி வருவதற்கான ஒருவழி ஆவணம் மட்டுமே. செலவை மிச்சப்படுத்த ஒரே பயணத்தில் மூன்று போட்டிகளுக்குப் பெயர் கொடுத்திருப்பவர், முதல் போட்டியில் கடவுச்சீட்டைத் தொலைத்தால் மற்ற இரண்டுக்கும் கட்டிய பணமும் பெரும்பாலும் போனதுதான். எனவே அந்தப் பையன் கடவுச்சீட்டை ஆடைக்குள் அணியும் துணிப்பையிலேயே வைத்துக்கொண்டான். கடவுச்சீட்டு, விசா இரண்டின் நகல்களும் இரண்டு புகைப்படங்களும் வேறொரு பையில் இருந்தன. தங்குமிடம் பிடிக்கும்போது வாடகையை மட்டும் பார்க்காமல், தரைத்தளமா, வெளியிலிருந்து ஏறக்கூடிய பால்கனி இருக்கிறதா, ஒரே நேரத்தில் அறையில் இருப்பவர் அனைவரும் ஆடப் போய்விடுவார்களா என்றெல்லாம் கேட்கச் சொன்னோம். கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் "ஆம்" என்றுதான் வரும். ஆட்டக்காரர்கள் ஆட்டக்காரர்களுடன்தான் அறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இனி அந்தப் பழி. 2018-இல் திருச்சியில் இரண்டு நாள் துரித ஆட்டப் போட்டி. நம் பக்கத்துப் போட்டிகள் பலவற்றில் கடிகாரத்தை ஆட்டக்காரர்களே கொண்டுவர வேண்டும் என்பதும், எல்லோரும் வைத்திருப்பது இரண்டு மூன்று வகைக் கடிகாரங்கள்தான் என்பதும் தெரிந்ததே. நூறு மேசைகளில் நூறு கறுப்புக் கடிகாரங்கள் இருக்கும். நான்காம் சுற்று முடிந்து எங்கள் கடிகாரத்தை எடுக்கப் போனபோது அது மேசையில் இல்லை. ஐந்தாம் சுற்றில் வேறொரு மேசையில், இடது மூலையில் எங்களுடையதைப் போலவே கீறல் விழுந்த ஒரு கடிகாரத்தைப் பார்த்தேன். ஆட்டம் முடியும்வரை காத்திருந்தேன், அந்த அளவு நாகரிகம் இருந்தது. முடிந்ததும் அந்தச் சிறுவனின் தந்தையிடம், சுற்றி இருபது பேர் நிற்கையில், "சார், இது எங்க கிளாக், பையன் எடுத்துட்டான்" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. கடிகாரத்தைத் திருப்பி, மின்கல மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். மூடியின் உட்புறத்தில் அழியாத மையில் அவர் மகனின் பெயரும் ஊரும், வாங்கிய மாதமும் ஆண்டும் எழுதியிருந்தன. அந்தச் சிறுவனுக்குப் பத்து வயதிருக்கும். அழாமல் இருப்பதற்காக அவன் காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் "எடுத்துட்டான்" என்பதைச் சொன்ன அதே குரலில் மன்னிப்பைக் கேட்கவில்லை என்பது எனக்கே தெரியும். முன்னது இருபது பேருக்குக் கேட்டது, பின்னது அவருக்கு மட்டும் கேட்டது. அடுத்த சுற்றில் அந்தச் சிறுவன் பத்து நகர்வுகளுக்குள் ராணியை விட்டுக்கொடுத்துத் தோற்றதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் கடிகாரம் ஒரு வாரம் கழித்துக் கூரியரில் வந்து சேர்ந்தது. வேறு மாவட்டத்துச் சிறுமி ஒருத்தி தன்னுடையது என்று நினைத்து எடுத்துச் சென்றிருக்கிறாள். வீட்டில் இரண்டு கடிகாரங்கள் இருப்பதைப் பார்த்த அவளுடைய பயிற்சியாளர், நடுவரிடம் கேட்டு எங்கள் எண்ணைக் கண்டுபிடித்தார். அன்றிரவே அந்தத் தந்தைக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "விடுங்க சார், எங்க கிளாக்கும் ஒருதடவை காணாமப் போச்சு, அப்புறம்தான் உள்ள பேர் எழுத ஆரம்பிச்சேன்" என்றார். பையனிடம் பேசலாமா என்று கேட்டேன். அவன் தூங்கிவிட்டான் என்றார். மணி எட்டுகூட ஆகியிருக்கவில்லை.

அன்று முதல் எங்கள் வகுப்பின் கடிகாரங்களிலும் மூடியின் உட்புறத்தில் எண் எழுத ஆரம்பித்தோம். இதில் ஒரு வெட்கக்கேட்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்புக் கடிகாரங்களுக்குத்தான் எழுதினோமே தவிர, வீட்டில் வைத்திருந்த நான்குக்கும் எழுத "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தேன். ரயிலில் போனவை அவைதான். வெளிப்புறத்தில் ஒட்டும் தாள் உரிந்துவிடும், உரிக்கவும் படும். கூடவே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சின்னதாக ஒரு நகப்பூச்சுப் புள்ளியும் வைக்கிறோம். அது திருடரைத் தடுக்க அல்ல, தவறுதலாக எடுக்கும் பிள்ளையைத் தடுக்க. போட்டி அரங்கில் "காணாமல் போகும்" கடிகாரங்களில் பெரும்பாலானவை அப்படிப் போகின்றவைதான் என்பது என் அனுபவம். ஆகவே கடிகாரத்தைக் காணவில்லை என்றால் முதலில் நடுவரிடம் சொல்லி அறிவிக்கச் செய்யுங்கள். அடுத்தவர் மேசையை உற்றுப் பார்ப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இதைச் சொல்லும்போது, சதுரங்கம் ஆடுபவர்கள் திருடமாட்டார்கள் என்று வாதாடுவதாக யாரும் எண்ண வேண்டாம். திருச்சிச் சம்பவத்துக்கு முன்புவரை எனக்கும் அப்படி ஒரு மயக்கம் இருந்தது. அதைத் தெளிய வைக்க நார்மன் ட்வீட் விட்டேக்கர் என்ற அமெரிக்கரின் வரலாறு ஒன்றே போதும். அந்நாட்டின் வலுவான ஆட்டக்காரர்களில் ஒருவரான அவர், வழக்கறிஞரும்கூட. 1920-களில் கார் திருட்டு வழக்கில் தண்டனை பெற்றார். 1932-இல் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டபோது, குழந்தையை மீட்டுத் தருவதாகச் சொல்லி, ஹோப் வைரத்தின் உரிமையாளரான எவலின் வால்ஷ் மக்லீன் என்ற செல்வச் சீமாட்டியிடம் 1,04,000 டாலரைக் கறந்த மோசடியில் அவர் கூட்டாளி. அல்காட்ராஸ் சிறையிலும் இருந்தார். அதே மனிதருக்கு 1965-இல் ஃபிடே சர்வதேச மாஸ்டர் பட்டம் அளித்தது. ஆட்டத் திறமைக்கும் கைச் சுத்தத்துக்கும் தொடர்பில்லை என்பதை வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லித்தான் விளக்குகிறேன். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் "அவரோட ரேட்டிங் என்ன சார்?" என்பதுதான்.

காய்கள் தொலைவது வேறு வகை. எங்கள் மாடியறையில் பத்து ஆண்டுகளில் தொலைந்த காய்களில் பாதிக்கும் மேல் குதிரைகள். சிப்பாய் எட்டு இருந்தும் அது அவ்வளவாகத் தொலைவதில்லை. குதிரைக்கு முகம் இருக்கிறது; ஆறு வயதுப் பிள்ளையின் சட்டைப் பைக்குள் அது போய்விடுவதில் வியப்பில்லை. அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இழப்பு இழப்புதான், அதிலும் மரக்காய்த் தொகுதி என்றால் பெரிய இழப்பு. உலகெங்கும் விற்கும் கைவினை மரக்காய்களில் பெரும்பகுதி பஞ்சாபின் அமிர்தசரஸில் கடையப்படுபவை. மற்ற காய்கள் கடைசல் எந்திரத்தில் உருண்டு வடிவம் பெற, குதிரையின் தலையை மட்டும் ஒருவர் உட்கார்ந்து உளியால் செதுக்க வேண்டும். ஆகவே தொகுதியின் விலையில் கணிசமான பங்கு நான்கு குதிரைகளுக்குள் இருக்கிறது. ஒன்று போனால், அதே கை செதுக்கிய இன்னொன்று கிடைப்பது அரிது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831-இல் கிடைத்த புகழ்பெற்ற இடைக்காலக் காய்களிலும் ஒரு குதிரையும், யானைக்குப் பதிலாக அமைந்த காவலர் உருவங்கள் நான்கும் குறைந்தன. அந்தக் காவலர்களில் ஒன்று, 1964-இல் ஐந்து பவுண்டுக்கு வாங்கப்பட்டு ஒரு குடும்பத்தின் மேசை இழுப்பறையில் கிடந்தது. 2019-இல் அது 7,35,000 பவுண்டுக்கு ஏலம் போனது. குதிரை இன்னும் வெளியில்தான் இருக்கிறது. எங்களுடையதைப் போலவே.

வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு பலகையிலும் காய்களை ஆட்டத் தொடக்க நிலையில் அடுக்கிவிட்டுத்தான் பிள்ளைகள் எழுந்திருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். பெட்டிக்குள் எண்ணிப் போடுவதைவிட இது வேகமானது. வெற்றுக் கட்டம் இருந்தால் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும், யாரையும் சோதனையிட வேண்டியதில்லை. "குதிரை எங்கே மேய்கிறது, தேடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் எங்காவது ஒரு மேசைக்கு அடியில் அது "கிடைத்துவிடும்". யார் போட்டது என்று நாங்கள் பார்ப்பதில்லை.

பதிவேடு எழுதுவதில் நாங்கள் இன்னும் கெட்டிக்காரர்கள் அல்ல. ஆனால் பெரிய இடங்களிலும் நிலைமை அப்படித்தான் என்பது ஒரு விதத்தில் ஆறுதல். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த, நாடுகளின் அணிகள் மோதும் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடில், பொதுப் பிரிவு, மகளிர் பிரிவு இரண்டும் சேர்ந்த சிறந்த செயல்பாட்டுக்காக இந்தியா வென்ற கப்ரிந்தாஷ்விலி கோப்பை, 2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடுக்குக் கொண்டுபோக வேண்டிய நேரத்தில் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தது. அந்த முறை இரண்டு பிரிவிலும் தங்கம் வென்று அதே பரிசை மீண்டும் இந்தியாவே பெற்றது என்பது வேறு கதை. முன்னாள் உலக வாகையர் பாபி ஃபிஷர், கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ஒரு வாடகைக் கிடங்கில் தன் பொருள்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். 1990-களின் இறுதியில் வாடகை நிலுவையால் அவை ஏலத்தில் போனபோது, தன்னைக் கொள்ளையடித்துவிட்டதாக வானொலியில் கொதித்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. கிடங்கின் கணக்கும் புரிகிறது. எங்கள் மாடியறைக்கு வாடகை கட்டும் தேதியை நான்கு பேரின் கைபேசியிலும் குறித்து வைத்திருக்கிறோம். எந்தப் பொருள் யார் வீட்டுக்குப் போகிறது, எப்போது திரும்பி வந்தது என்று கையொப்பத்துடன் ஒரு நோட்டும் இருக்கிறது. அதில் இரண்டு பக்கம் எழுதி, மூன்றாம் பக்கத்தில் தேதி மட்டும் போட்டு நிறுத்தியிருக்கிறோம்.

ரயிலில் போனவற்றில் இதுவரை எதுவும் திரும்பி வரவில்லை. புகார் ரசீது அலமாரியில், அந்தச் சங்கிலிக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது சங்கிலி எங்களுடன் பயணம் செய்கிறது. சென்ற கோடை விடுமுறையில் மகள் கேரோ-கான் கோப்பை முதலிலிருந்து மீண்டும் எழுதினாள். நினைவில் இருந்ததையெல்லாம் முதலில் தட்டச்சு செய்துவிட்டு, பிறகு ஒவ்வொரு கிளையாகச் சதுரங்க மென்பொருளை வைத்துச் சரிபார்த்தோம். அதன் அட்வான்ஸ் என்ற வகையின் கிளை ஒன்றில், பதினோராம் நகர்வுக்கு நாங்கள் இரண்டு ஆண்டுகளாக நம்பியிருந்த யானை நகர்வு, நான்கே நகர்வில் ஒரு சிப்பாயை இழக்க வைக்கும் என்று தெரியவந்தது. "அப்பா, நம்ம பழைய ஃபைல்ல இது தப்பாவே இருந்திருக்கு" என்றாள். திருத்தி எழுதி மூன்று இடங்களில் சேமித்தாள். பழைய கோப்பு எங்கே இருக்கிறதோ, அந்த யானையோடுதான் இருக்கிறது.